சென்னைப் பாரிமுனைக்குள்ளேயே கடைக்குக் கடை எப்படிப் போகிறீர்கள்?

கொண்டித்தோப்பு:
தங்கை கல்யாணச் சாமான். ஆண்டர்சன் தெருவில் பத்திரிகை வாங்கியாயிற்று, தேவராஜ முதலி தெருவில் ஆளுயரக் கண்ணாடியும் எடுத்தாயிற்று. வேன் நிற்பதோ பூக்கடைப் பக்கம். ஆட்டோக்காரர் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு மாட்டேன் என்றுவிட்டார். கிடைத்தது சைக்கிள் ரிக்‌ஷா. கண்ணாடியைப் பின்பக்கம் பார்க்க நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உச்சிவெயில் அதில் பட்டு, பின்னால் வந்த மீன்பாடி வண்டிக்காரர் மூஞ்சியில் அடித்தது. “யோவ், கண்ணாடியத் திருப்புய்யா!” ரிக்‌ஷாப் பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “திருப்புனா எதுர்ல வர்றவன் கத்துவான். நீ புடி தம்பி” என்றார். கீறல் விழாமல் எப்படிக் கொண்டு சேர்த்தார் என்பது இன்னும் புரியவில்லை.

பூக்கடைராணி:
அந்தத் தூரத்துக்கு ரிக்‌ஷாவா? கடைவாசலில் நிற்கும் கூலி ஆள் இருவர் போதுமே.
என் கதை பஸ்ஸில். பாரிமுனையில் ஏறினேன். சாதா பஸ்தான், 2021லிருந்து பெண்கள் நமக்குத்தான் டிக்கெட் கிடையாதே. பூக்கடை நெருங்கும்போது நின்ற வண்டி நின்றதுதான். கண்டக்டரே, “எக்கா, எறங்கி நட. நாங்க பின்னாடி வர்றோம்” என்றார். இறங்கி நடந்து, பூ பேரம் பேசி, இளநீர் குடித்து நிமிர்ந்தால் அதே பஸ். படியில் நின்று அவர் சிரிக்கிறார்!

வண்ணைவாசி:
ஏன் இத்தனை கூத்து? 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை சுரங்க மெட்ரோ வந்தாயிற்று. மண்ணடி, உயர்நீதிமன்றம், சென்ட்ரல் எல்லாம் அடுத்தடுத்த ஸ்டேஷன். ஒருநாள் பேய்மழையில் சட்டை நனையாமல் சென்ட்ரல் போய்ச் சேர்ந்தேன், அவ்வளவுதான் என் கதை.
எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரிகை, துணி மாதிரி லேசானதை முதலில் முடியுங்கள். கோடவுன் தெருவில் துணியை மூட்டையாக எடுத்தால் கடைக்காரரிடமே லாரி ஆபீசில் போடச் சொல்லுங்கள், நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்? கனமான சாமானைக் கடைசியில் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வரவே வராதீர்கள், மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சொந்தக் கார் எடுத்து வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

மிண்ட்காரி:
வெறுங்கையோடு போகிறவருக்கு மெட்ரோ சொர்க்கம்தான் அண்ணே. நான் பித்தளை அண்டாவோடு போனேன். பைகளை விடும் ஸ்கேனருக்குள் அது நுழையவில்லை. திருப்பி வைத்தும் பார்த்தோம், ஊஹூம். பின்னால் வரிசை நீள்கிறது. அந்தக் காவலாளிப் பையன் யோசித்தான். அப்புறம் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, “சரி, போங்கம்மா” என்றான்.