கூலன்ட் குறையுது, ஒழுகல் எங்கேயும் இல்லை: இன்ஜின் ஹெட்டைக் (சிலிண்டர்களை மேலே மூடுற பகுதி) கழட்டும் முன் ஒரு சந்தேகம்

காரைக்குடி. 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், 86,000 கி.மீ. ஓடியது.

ரெண்டு மாசமா 300 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கிற திரவம்) காணாமப் போகுது. வண்டி நிக்கிற இடத்தில் ஒரு சொட்டு கிடையாது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பத்து செகண்ட் மிஸ்ஃபயர், இனிப்பு வாடையோட வெள்ளைப் புகை. அப்புறம் சீராயிடுது. டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டலை.

ரேடியேட்டர் மூடி புதுசு. வாட்டர் பம்ப் வீப் ஹோல் (பம்ப் சீல் போனா ஒழுகுற சின்ன ஓட்டை) காய்ஞ்சிருக்கு, டேஷ்போர்டுக்குக் கீழே கார்ப்பெட்டும் ஈரமில்லை. ஆயில் மூடியில் பால் மாதிரி எதுவும் படியலை, அதாவது ஆயிலில் கூலன்ட் கலந்த அடையாளம் இல்லை. ராத்திரி பூரா ஆறவிட்டு, கூலிங் சிஸ்டத்தில் 1 பார் பிரஷர் ஏத்தினால் அரை மணியில் 0.7க்கு இறங்குது. ஸ்பார்க் பிளக் கழட்டினதில் மூணாவது மட்டும் கழுவி வெச்ச மாதிரி வெள்ளையா இருக்கு, அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் போகுதோன்னு சந்தேகம். மத்த மூணும் பழுப்பு. ஆனா கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) 175, 170, 165, 175 பி.எஸ்.ஐ., நாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். குழப்பமே இங்கேதான்.

மெக்கானிக் ஹெட்டை இறக்கி ஃபேஸிங் பண்ணி (அடிப்பக்கத்தைச் சமமா சீவி) கேஸ்கெட் (ஹெட்டுக்குக் கீழே வர்ற சீல்) மாத்தணும்ங்கிறார். ஸ்டாப்-லீக் (ஒழுகலை அடைக்கிற திரவம்) ஊத்தச் சொல்லாதீங்க, ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருக்கிற குட்டி ரேடியேட்டர்) அடைச்சுக்கும். முன்னாடி யாரோ போர் தண்ணி ஊத்தி ஓட்டியிருக்காங்க, உள்ளே உப்பு படிஞ்சிருக்கு. ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன் (வண்டிக் கடன் பதிவு) நீங்கலை, அதனால் இப்போதைக்கு விக்கவும் வழியில்லை.

காரைக்குடி, புதுக்கோட்டை, மதுரை பக்கம் ஹெட்டைக் கழட்டாமலே லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காத்தை ஏத்தி எங்கே கசியுதுன்னு பார்க்கிறது) எடுத்து, மூணாவது சிலிண்டரை உறுதியாச் சொல்ற ஒர்க்ஷாப் எது?