‘பிலாட்டலிஸ்ட்’: தமிழில் என்ன எழுதலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு, அடிலெய்டு லூசி ஃபென்டன் பற்றிய கட்டுரையைத் தமிழாக்குகிறேன். தபால்தலைகளைச் சேர்த்து ஆராய்பவரை ஆங்கிலத்தில் ‘பிலாட்டலிஸ்ட்’ என்கிறார்கள்; அதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். நாளை மாலை அச்சுக்குப் போக வேண்டும். விக்டோரியா கால இங்கிலாந்தில் தபால்தலைத் துறையில் பெயர் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். ‘தி ஃபிலாட்டலிஸ்ட்’ இதழில் நிறைய எழுதினார், பெரும்பாலும் ஹெர்பர்ட் காமோன்ஸ் என்ற ஆண் பெயரில். இவரைத் ‘தபால்தலை சேகரிப்பாளர்’ என்று எழுத மனம் வரவில்லை. 1841லேயே ஒரு இளம்பெண், தன் ஒப்பனை அறைச் சுவரில் ஒட்டப் பழைய தபால்தலைகள் வேண்டும் என்று ‘டைம்ஸ்’ நாளிதழில் விளம்பரம் கொடுத்தார். அவரும் சேகரித்தவர்தானே? இருவருக்கும் ஒரே சொல்லா?

தமிழாசிரியர்:
மூலத்துக்குப் போவோம் அம்மா. இதற்கு அடியான ‘பிலாட்டலி’ 1864இல் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் ஹெர்பான் படைத்த சொல். கிரேக்கத்தில் பிலோஸ் அன்பு, அடெலெயா வரிவிலக்கு. தபால்தலை ஒட்டிய கடிதத்துக்குப் பெறுபவர் காசு தர வேண்டாம் அல்லவா? வரி நீக்கிய நிலத்துக்கு நம்மிடம் ‘இறையிலி’ என்ற சொல் இருக்கிறது. சோழர் கல்வெட்டு முழுக்க இருக்கிறது. ‘இறையிலி ஆர்வலர்’ என்போம்.

சேகரிப்பவர்:
ஐயா, கோயில் நிலத்துக்குப் போராடுகிறவர் என்றுதான் படிப்பவர் நினைப்பார். செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். 1840இல் வந்த முதல் தபால்தலையான பென்னி பிளாக்கின் கீழ் மூலைகளில் இரண்டு எழுத்துகள் இருக்கும். 240 தலைகள் கொண்ட தாளில் அது எந்த இடம் என்பதை அவையே சொல்லிவிடும். எந்த அச்சுத்தகடு என்பதுதான் பாடு. அந்த எழுத்துகள் கையால் தட்டப்பட்டவை. தகட்டுக்குத் தகடு கொஞ்சம் விலகி நிற்கும். லென்ஸ் வைத்து மணிக்கணக்கில் ஒப்பிட வேண்டும். ஆகவே ‘தபால்தலை ஆய்வாளர்’.

கொழும்பு வாசகர்:
நாங்கள் முத்திரை என்றே சொல்வோம். ‘முத்திரை ஆய்வாளர்’ சுருக்கமாகவும் இருக்கிறதே.

சேகரிப்பவர்:
இங்கே முத்திரை என்றால், தபால்தலையை மறுபடி பயன்படுத்தாதபடி அதன்மேல் குத்தும் அடையாளம். பென்னி பிளாக்கில் சிவப்பு மால்டீஸ் சிலுவை விழுந்ததே, அது. குழப்பம் வரும்.

அஞ்சல் துறைக்காரர்:
‘ஆய்வாளர்’ எங்கள் துறையில் ஒரு பதவி. ஃபென்டன் அம்மையாரை அஞ்சலகத்தைச் சோதிக்க வந்த அதிகாரி ஆக்கிவிடாதீர்கள்! ‘ஆய்வர்’ போதும்.

மாணவி:
‘அஞ்சல்தலையியலர்’? -இயல் வந்தால் துறை என்று தெரியும். -அர் ஈறு இருபாலுக்கும் பொருந்தும்.

தமிழாசிரியர்:
வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, நேரமில்லை. என்னையும் சேர்த்து நான்கு பேர் ஆய்வைக் குறிக்கும் சொல்லின் பக்கம். ‘தபால்தலை ஆய்வர் ஃபென்டன்’ என்று போடுகிறேன். அவர் வாழ்ந்த நாளில் ஆண் பெயர் வைத்துக்கொண்டு எழுதியவர். தமிழிலாவது அவர் செய்த வேலைக்கு உரிய சொல் அவர் பெயரோடு சேரட்டும்.

தமிழாசிரியர்:
போடுங்கள் அம்மா. ஆனால் ஹெர்பான் முதலில் வைத்தது அன்பு. ‘ஆய்வர்’ என்பதில் அது இல்லை. என் எதிர்ப்பு பதிவாகட்டும்.