டிஸ்கஸ் முட்டை விவகாரம்: ஹட்டனிலிருந்து புதுப்பிப்பு

என் டிஸ்கஸ் மீன் ஜோடி இடும் முட்டையெல்லாம் பொரிக்காமல் வெள்ளையாகிப் போகிறது என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, இந்த முறை பொரித்துவிட்டது! ஆணிடம்தான் குறை என்று அதை மாற்றச் சொன்னீர்கள் பலர். மாற்றவில்லை. தண்ணீர் இங்கே மென்மையானதுதான் (கரைந்த உப்புகள் குறைவு), பிஎச் 6.5 பக்கம் நிற்கிறது, இந்த மீனுக்கு அது சரி, ஆகவே என் சந்தேகம் முழுக்க இந்த மலைநாட்டு ராத்திரிக் குளிர்மேல்தான். ஒரே ஹீட்டர் 29 பாகையைப் பிடித்து வைக்கத் திணறியது. இன்னொரு ஹீட்டர் போட்டு, சூடு வெளியே போகாமல் தொட்டியின் மூன்று பக்கமும் ரெஜிபோம் (தெர்மோகோல்) ஒட்டினேன். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பொரித்தது. அப்புறம் குஞ்சுகள் சில நாள் முட்டையிட்ட மண்சட்டியில் வால் ஆட்டிக்கொண்டு ஒட்டிக்கிடந்து, நீந்தத் தொடங்கியதும் நேரே தாய் தகப்பன் உடம்புக்குப் போய்விட்டன, அந்தத் தோல் சளிதான் முதல் சாப்பாடு, அதனால் இப்போதைக்குப் பிரிக்கவே கூடாது. ஆண் களைத்தால் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து எல்லாவற்றையும் பெண்ணிடம் தள்ளிவிடுகிறான் (எங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்கிறார் மனைவி).

அடுத்தது குஞ்சுகளின் தீனிக்கு ஆர்ட்டீமியா (நுண்ணிய உப்புநீர் இறால்) பொரிக்க வேண்டும். கரண்ட் போனால் காற்றுக்கு பேட்டரி பம்ப் இருக்கிறது, சூட்டுக்குத்தான் வழியில்லை. நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வளர்ப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?