பிளாக் சபாத் "13": இது பழைய கூட்டணி ஆல்பமா?

ரிஃப்_பைத்தியம்:
இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்ட் பிளாக் சபாத்தோட முதல் நாலு ஆல்பத்தையும் வரிசையா கேட்டுட்டு நேரா 2013-ல வந்த "13"-க்குத் தாவினேன். ஆஸி குரல், டோனி அயோமி கிட்டார், கீஸர் பட்லர் பாஸ் எல்லாம் இருக்கு. ஆனாலும் என்னமோ விறைப்பா இருக்கே? வயசா, இல்ல ரிக் ரூபின் தயாரிப்பா?

பின்_தாளம்:
முதல் டிரம்மர் பில் வார்ட் இல்லாததுதான் காரணம். 2011 நவம்பர் 11-ல நாலு பேரும் லாஸ் ஏஞ்சலஸ்ல ஒண்ணா உக்காந்துதான் ஆல்பத்தை அறிவிச்சாங்க. சில மாசத்துலயே ஒப்பந்தத் தகராறு, வார்ட் வெளியே. ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் பேண்ட் டிரம்மர் பிராட் வில்க்தான் ரெக்கார்டிங்ல வாசிச்சார். நல்ல டிரம்மர், இரும்புக் கை. ஆனா வார்ட் சின்ன வயசுலேர்ந்து ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ருபாவோட பக்தர். அயோமி ரிஃப்புக்கு, அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் மெட்டுக்கு, ஒரு மயிரிழை பின்னாடிதான் அவர் அடி வந்து விழும். "வார் பிக்ஸ்" பாட்டுல ஆஸி பாடுற இடத்துல கிட்டார் நின்னுடும், ஹை-ஹாட் (டிரம்ஸ்ல இருக்கற ஜோடித் தட்டு) மட்டும் ஓடும். எங்க பேண்ட்ல க்ளிக் (தாளம் தவறாம டிக் டிக்னு ஓடுற சத்தம்) போட்டு அதை வாசிச்சுப் பார்த்தோம். சகிக்கல. நீங்க சொல்ற விறைப்பு அதேதான்.

கருப்பு_கேசட்:
கொஞ்சம் இருங்க. அயோமிக்கு லிம்ஃபோமா புற்றுநோய், சிகிச்சைக்கு நடுவுலதான் அந்த ரிஃப் எல்லாம் வந்துச்சு. இங்கிலாந்துல 1970 "பாரனாய்டு"க்கு அப்புறம் இதுதான் அவங்களுக்கு முதலிடம், அமெரிக்காவுல முதன்முறையா முதலிடம். சும்மா ஒதுக்கிட முடியாது.

பின்_தாளம்:
ஒதுக்கல அண்ணே, அயோமி ரிஃப்புக்காகவே நானும் கேக்கறேன். அதைப் பழைய கூட்டணின்னு விக்கறதுதான் உறுத்துது. நாலு பேரும் திரும்ப ஒரே மேடையில நிக்க 2025 ஜூலை 5 வரைக்கும் ஆச்சு, பர்மிங்ஹாம் வில்லா பார்க்ல. ஆஸி சிம்மாசனத்துல உக்காந்தபடியே பாடினார். அதே மாசம் 22-ல இறந்துட்டார். இனி அந்தப் பேச்சுக்கே இடமில்ல.

ரிஃப்_பைத்தியம்:
அப்போ நாலு பேரையும் சேர்த்துக் கேக்க 70-களுக்குத்தான் போகணுமா?

பின்_தாளம்:
1998 "ரீயூனியன்" போடுங்க. 1997 டிசம்பர்ல பர்மிங்ஹாம்ல பதிவான லைவ். வார்ட் இருக்கார். ஸ்பீக்கர்ல கேளுங்க, இயர்போன் வேணாம்.