அருவங்காடு வேலை: முடிந்துபோன வழக்கை அட்டெஸ்டேஷன் படிவத்தில் எழுத வேண்டுமா?

கேள்வி (கோத்தகிரி வாசகர்):

வணக்கம். என் தம்பிக்கு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, அட்டெஸ்டேஷன் படிவம் (முன்வரலாற்றைச் சரிபார்க்க நிரப்பித் தரும் படிவம்) வந்திருக்கிறது. 2019இல் தேயிலைத் தோட்ட எல்லைத் தகராறில் பக்கத்துத் தோட்டத்தாரோடு கைகலப்பாகி, இந்திய தண்டனைச் சட்டம் 341 (வழிமறித்தல்), 323 (அடித்துக் காயப்படுத்துதல்) பிரிவுகளில் அவன்மீது வழக்குப் பதிவானது. கைது செய்து, காவல் நிலையப் பிணையிலேயே விட்டுவிட்டார்கள். குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு, 2021இல் இரு வீட்டாரும் சமாதானமாகி நீதிமன்றத்தில் வழக்கை முடித்துக்கொண்டோம். "முடிந்ததை நாமே கிளறக் கூடாது, இல்லை என்றே எழுதட்டும்" என்கிறார் பெரியப்பா. எங்கள் வீட்டுக்கு இதுதான் முதல் அரசு வேலை என்பதால் பயமாக இருக்கிறது. எது சரி?

பதில் (குன்னூர், ஓய்வு பெற்ற நிர்வாகப் பிரிவு அலுவலர்):

பெரியப்பா சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தப் படிவத்தில் கைது, வழக்குத் தொடர்தல், தண்டனை, அபராதம், நிலுவை வழக்கு என ஒவ்வொன்றுக்கும் தனிக் கேள்வி இருப்பதற்குக் காரணம் உண்டு. தண்டனை இல்லை என்பதால் கைதும் இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் தம்பி முதல் இரண்டுக்கும் 'ஆம்' என்றும், மற்றவற்றுக்கு 'இல்லை' என்றும் எழுத வேண்டும். பொய்த் தகவலோ மறைத்தலோ தகுதியிழப்புக்குக் காரணமாகும் என்ற எச்சரிக்கை படிவத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. கடந்த ஐந்து ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய இடங்களையும் கேட்பார்கள். காவல்துறை விசாரணை அங்கெல்லாம் போகும். நான் பணியாற்றிய காலத்தில், மிகச் சிறிய அடிதடி வழக்கை மறைத்த ஓர் இளைஞர், பணியில் சேர்ந்து ஓராண்டுக்குப் பிறகு விசாரணை அறிக்கை வந்ததும் வெளியேற நேர்ந்தது. வழக்கைச் சொல்லியிருந்தால் அவரை எடுத்திருப்பார்கள் என்றே இன்றும் நம்புகிறேன்.

பதில் (உதகை, வழக்கறிஞர்):

இதில் அடிப்படையான தீர்ப்பு, உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016இல் அவதார் சிங் வழக்கில் வழங்கியது. கேட்ட தகவலை உண்மையாகத் தர வேண்டும் என்பதை அது அழுத்தமாகச் சொன்னதோடு, இளம் வயதில் நேர்ந்த அற்பமான குற்றத்தை மறைத்திருந்தாலும் அதைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் நியமன அலுவலருக்கு உண்டு என்றும் கூறியது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டதாலேயே நியமித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்வரலாற்றைப் பதவியின் தன்மையோடு சேர்த்து எடைபோடும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. உங்கள் தம்பிக்குச் சாதகமானது ஒன்று: 341, 323 இரண்டும் சமரசத்துக்கு உட்பட்ட பிரிவுகள், அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 320(8)இன்படி அத்தகைய சமரசம் விடுதலைக்குச் சமம். நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலைப் பெற்றுப் படிவத்தோடு இணையுங்கள். சம்பவத்தின்போது அவருக்கு 18 வயது நிறைந்திருந்ததா? இல்லையென்றால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவையும் (சிறார் வயதுக் குற்றத்தால் வரும் தகுதியிழப்பை நீக்குவது) பார்க்க வேண்டும்.

கேட்டவர்:

19 வயது, ஐயா. உத்தரவு நகல் எங்களிடம் இல்லை. திங்கட்கிழமை நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கிறோம். இரண்டு ஆண்டுகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தான், அந்த முகவரியையும் எழுதச் சொல்கிறேன்.

பதில் (வெலிங்டன், ஒரு தாய்):

எல்லாருக்கும் இது எளிதாக முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சீருடைப் பணி ஒன்றுக்குத் தேர்வான என் மகன், சந்தேகத்தின் பலனில் விடுதலையான பழைய வழக்கை ஒளிக்காமல் எழுதினான்; ஆனாலும் வேலை கிடைக்கவில்லை. வெடிமருந்து தயாராகும் இடத்தில் யாரை நம்பி விடுவது என்று கவனமாகப் பார்ப்பது நியாயம்தான், அங்கே வேலை செய்பவர்களின் உயிரும் அதில் இருக்கிறது. ஆனால் விடுதலையான பிள்ளையைக் குற்றவாளிபோல் பார்ப்பது மனத்தை வருத்துகிறது.

பதில் (உதகை, வழக்கறிஞர்):

அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதி 14(பி)யின் விளக்கத்தில், சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்சாட்சியாக மாறியதாலோ விடுதலையானவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்று இருக்கிறது. அது அந்தப் பணிக்கான விதி. தொழிற்சாலை வேலைக்கு அது பொருந்தாது. கோத்தகிரி நண்பர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படிவத்தை ஒப்படைத்த பிறகு புதிதாகக் கைதோ தண்டனையோ நேர்ந்தால் அதையும் உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காமல் விட்டால் அதுவும் மறைத்ததாகவே கொள்ளப்படும்.