கிட் கார் பிரேக், சஸ்பென்ஷன்: மாட்டும்போது பட்ட அனுபவங்களை இங்கே எழுதுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டு ஷெட்டில் இரண்டு வருடமாக ஒரு கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே மாட்டுகிற கார்) கட்டிக்கொண்டிருக்கிறேன். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் சாயலில், இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்த இரண்டு இருக்கை வண்டி. இன்ஜின், கியர்பாக்ஸ், ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), கேலிப்பர் (பிரேக் டிஸ்க்கை பேடால் கவ்வும் பகுதி) எல்லாம் ஒரு பழைய மஸ்டா எம்எக்ஸ்-5-லிருந்து கழற்றியவை. விஷ்போன் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கவட்டை வடிவக் கை), ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் மூன்றும் கிட்டோடு வந்தன.

இன்ஜினில் தப்பு செய்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் தப்பு செய்தால் வண்டி நன்றாகவே ஓடும், அதுதான் என் பயம். அதனால் நான் பட்டதை முதலில் எழுதுகிறேன், நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

என் பிரச்சினை பெடல். பைப் எல்லாம் மாட்டி, மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்) வைஸில் வைத்தே ஏர் எடுத்துப் பொருத்தி, டாட் 4 வகை பிரேக் ஆயில் ஊற்றி, பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலையைத் தொடங்கினேன். மனைவி பெடலில், நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில். "மிதி... பிடிச்சுக்கோ... விடு." மூன்று மாலை இதே வேலை. ஒரு லிட்டருக்கு மேல் ஆயில் போய்விட்டது. கேலிப்பர் நிப்பிளில் (காற்றைத் திறந்துவிடும் சின்னத் திருகு) மாட்டி பாட்டிலில் விட்ட ட்யூபில் ஒரு குமிழிகூட வரவில்லை, ஆனால் பெடல் மட்டும் பஞ்சை மிதிப்பது போலவே இருந்தது. மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டதென்று முடிவுகட்டி, புதுசு வாங்கவும் தயாராகிவிட்டேன்.

நான்காம் நாள் மனைவி டார்ச் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "காத்து மேலதானே போகும்? அந்த நிப்பிள் ஏன் கீழ இருக்கு?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். கேலிப்பருக்கு பெயின்ட் அடிக்கும்போது இடது, வலது என்று எழுதி ஒட்டியிருந்த டேப்பை உரித்துவிட்டேன். மாட்டும்போது பக்கம் மாறிவிட்டது. போல்ட் ஓட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் கச்சிதமாக உட்கார்ந்தது. நிப்பிள் மட்டும் கீழே வந்துவிட்டது. உள்ளே மேல்பகுதியில் காற்று சிக்கியிருக்க, கீழிருந்து நான் சுத்தமான ஆயிலை எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பக்கம் மாற்றி, ஹோஸைக் கேலிப்பரோடு பிடிக்கும் பேஞ்சோ போல்ட்டில், ஹோஸ் முனையின் இரு புறமும் புதுச் செம்பு வாஷர் போட்டு இறுக்கியபின் அரை மணி நேரத்தில் பெடல் கல் மாதிரி ஆனது.

இப்போது தீராமல் இருப்பது ஒன்று. வண்டியைத் தரையில் இறக்கினால் முன்பக்கம் கணக்கைவிட 25 மி.மீ. உயரமாக நிற்கிறது. ஸ்பிரிங் ரொம்ப விறைப்போ என்று சந்தேகம். மெல்லிய ஸ்பிரிங் மாற்றலாமா?

* * *

ஸ்பிரிங் வாங்க அவசரப்படாதீர்கள் நண்பரே. ஒரு கேள்வி: விஷ்போன் போல்ட்களை எப்போது இறுக்கினீர்கள்? வண்டி ஸ்டாண்டில் இருக்க, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதா? விஷ்போன் முனையில் போல்ட் நுழையும் உறை, அதாவது புஷ், ரப்பரா, பாலியூரித்தேனா?

ரப்பராக இருந்தால் உங்கள் 25 மி.மீ.யில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். நான் கட்டிய முதல் வண்டியில் இதே கதைதான். ரப்பர் புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக் குழாய் இருக்கிறதல்லவா, போல்ட்டை இறுக்கியதும் அது பிராக்கெட்டோடு நெரிந்து பிடித்துக்கொள்ளும். வெளிக்கூடு விஷ்போனோடு ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் சுழலுவது எதுவும் கிடையாது, ரப்பர் முறுக்கிக்கொள்வது மட்டும்தான். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பருக்கு அதுவே இயல்பு நிலையாகிவிடும். வண்டியை இறக்கியதும் ஒரு பக்கத்துக்கு நான்கு புஷ்ஷும் முறுக்கேறி, கூடுதலாக ஒரு ஸ்பிரிங் போட்டது போல வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். கனமான வண்டியில் இது அவ்வளவாகத் தெரியாது. அறுநூறு கிலோ வண்டியில் பளிச்சென்று தெரியும். உயரம்கூடப் பரவாயில்லை, எந்நேரமும் முறுக்கிலேயே இருப்பதால் ரப்பர் சீக்கிரம் கிழியும். என்னுடையது ஒரு வருடத்திலேயே ஓரத்தில் பிளந்துவிட்டது. கழற்றிப் பார்த்தபோது வெடிப்பு வளைந்து வளைந்து போயிருந்தது, பிழிந்த துணி மாதிரி.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். நான்கு சக்கரத்துக்கும் ஒரே உயரத்தில் கனமான மரக்கட்டை கொடுத்து வண்டியை அதன்மேல் நிறுத்துங்கள், அப்போதுதான் அடியில் ஸ்பேனர் போகும். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு மணல் மூட்டை வையுங்கள். முன் டயருக்கு அடியில் இரண்டு தகடு, நடுவில் கிரீஸ். இல்லாவிட்டால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சஸ்பென்ஷனை முழுதாக இறங்க விடாது. விஷ்போனைச் சட்டத்தோடு பிடிக்கும் எல்லா உள்போல்ட்டையும் அரைச்சுற்று தளர்த்துங்கள். வண்டியின் மூக்கைப் பிடித்து நான்கைந்து தடவை நன்றாக அமுக்கி விடுங்கள். வண்டி தானாக ஓரிடத்தில் வந்து நிற்கும். அந்த நிலையிலேயே டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பிறகு அளந்து சொல்லுங்கள்.

பாலி புஷ் என்றால் இந்தக் கவலை இல்லை, அது உள்குழாயின் மேல் சுழலும். ஆனால் கிரீஸ் இல்லாமல் மாட்டினால் கீச்கீச் என்று உயிரை எடுக்கும்.

* * *

கேலிப்பர் பக்கம் மாறியதைப் படித்ததும் என் கதையையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. என்னுடையது மரை விவகாரம்.

பின்பக்கம் பைப் இரண்டாகப் பிரியும் T வடிவ இணைப்பு, அதாவது டீ, ஒரு வண்டியிலிருந்து எடுத்தது, பைப் நட்டுகள் வேறொரு பெட்டியிலிருந்து எடுத்தவை. பிரேக் பைப் நட்டில் பரவலாகப் புழங்குவது இரண்டு வகை: எம்10 (10 மி.மீ. விட்டம்), மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி ஒன்று, 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் அண்ணன் தம்பிதான். 3/8 நட்டை எம்10 ஓட்டையில் விட்டால் விரலாலேயே வழுவழுவென்று இறங்கிவிடும். அவ்வளவு எளிதாக இறங்கியதற்கே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஸ்பேனர் போட்டேன், இறுகியது போலவும் இருந்தது. பெடலும் கெட்டியாக வந்தது.

நல்ல வேளையாக ஒரு பழக்கம் உண்டு எனக்கு. வேலை முடிந்ததும் ஒருவரைப் பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பார்ப்பேன். மற்ற எல்லாம் காய்ந்திருந்தது. அந்த டீயில் மட்டும் நட்டின் கழுத்தில் கடுகளவு ஒரு துளி திரண்டது. துடைத்தேன். மறுபடி திரண்டது. இறுக்கினேன், ஸ்பேனர் திடீரென்று லேசாகிவிட்டது, மரை போய்விட்டது. வெர்னியரில் நட்டை அளந்தபோது 9.5. எம்10 என்றால் 9.9-ஐ ஒட்டி வந்திருக்கும். சாலையில் அவசரமாக மிதித்த நேரத்தில் அது பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் பின்பக்க பிரேக் மொத்தமாகப் போயிருக்கும்.

அன்றிலிருந்து பெட்டி பெட்டியாக நட்டு சேர்ப்பதை விட்டுவிட்டேன். வண்டி முழுக்க ஒரே வகை மரை, ஒரே வகை ஃபிளேர் (பைப் நுனியை விரித்து அடிக்கும் வடிவம்). டீயும் சேர்த்துப் புதுசு. பைப்புக்கு செம்பு-நிக்கல்தான், 4.75 மி.மீ. கையால் வளைக்கலாம், துருப்பிடிக்காது. ஃபிளேர் அடிக்கும் முன் நட்டைப் பைப்பில் கோத்தாயிற்றா என்று பாருங்கள். அழகாக ஃபிளேர் அடித்தபின் நட்டு மேஜைமேல் கிடப்பதைப் பார்க்கிற வேதனை யாருக்கும் வேண்டாம்.

* * *

என் வண்டியின் முதல் நாள் ஓட்டத்தில் நடந்தது. பத்து நிமிடம் அருமையாகப் போனது. பிறகு வண்டி கனத்தது, யாரோ பின்னாலிருந்து இழுக்கிற மாதிரி. பெடலில் கால் வைத்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில் முன்சக்கரம் இரண்டிலிருந்தும் தீய்ந்த வாடை, வண்டி தானே நின்றுவிட்டது. ஓரமாக உட்கார்ந்து ஆறவிட்டேன். இருபது நிமிடத்தில் தானே விட்டுக்கொடுத்தது. வீட்டுக்கு வந்து சேரும் முன் மறுபடி அதே கதை.

பிஸ்டன் ஒட்டிக்கொண்டதென்று நினைத்து இரண்டு கேலிப்பரையும் பிரித்து ரப்பர் மாற்றினேன். பலனில்லை. பிறகு ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் ஒரு வழி சொன்னார்: பிடித்துக்கொண்ட நிலையிலேயே மாஸ்டர் சிலிண்டரில் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்து. சக்கரம் விட்டால் குற்றம் மேலே. அப்போது விடாமல், கேலிப்பர் நிப்பிளைத் திறந்ததும் விட்டால் நடுவில் ஹோஸ் அடைப்பு. அதற்கும் விடாவிட்டால்தான் கேலிப்பர். தளர்த்தினேன், ஆயில் சீறிக்கொண்டு வந்தது, சக்கரம் சட்டென்று விட்டது.

காரணம், பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராட். பெடலில் துளி ஆட்டமும் இருக்கக்கூடாது என்று ராடை நீட்டி வைத்திருந்தேன். அதனால் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் முழுதாகத் திரும்பவில்லை, பிரேக் ஆயில் டேங்குக்குப் போகும் சின்ன ஓட்டை மூடியே கிடந்தது. சூட்டில் விரிந்த ஆயிலுக்குத் திரும்பிப்போக வழியில்லை, அழுத்தம் ஏறி பேடைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததால் மேலும் சூடு. ராடுக்கு ஒரு மி.மீ. ஆட்டம் கொடுத்தேன், அதோடு தீர்ந்தது. வெந்த ஆயிலை மட்டும் முழுதாக மாற்றிவிட்டேன். டாட் 4-ன் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் இழுத்த ஆயிலில் 155 வரை இறங்கும்.

ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சட்டத்தில் இன்னும் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது.

* * *

நானும் அப்பாவும் சேர்ந்து கட்டுகிறோம். எங்களிடம் பெரிய விபத்துக் கதை இல்லை, ஒரு முறை உண்டு. அப்பா டார்க் ரெஞ்சால் இறுக்கிவிட்டு நட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே மஞ்சள் கோடு போடுவார். மறுநாள் நான் தனியாக ஒவ்வொன்றையும் பார்த்து, பக்கத்தில் வெள்ளைக் கோடு போடுவேன். அவர் இறுக்கும்போது நான் பேசமாட்டேன், நான் பார்க்கும்போது அவர் ஷெட்டுக்குள் வரமாட்டார்.

அப்படித்தான் வலது கீழ் பால் ஜாயின்ட் (விஷ்போனையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் உருண்டை மூட்டு) தவறு மாட்டியது. மஞ்சள் கோடு இருந்தது. கோட்டை மதில் போல் பள்ளம் வெட்டிய காசில் நட்டின் பள்ளத்துக்கு நேராக ஓட்டையும் இருந்தது. நட்டு கழலாமல் அதில் கோக்கும் ஸ்ப்ளிட் பின் மட்டும் இல்லை. போன் வந்திருக்கிறது, எழுந்து போனவர் திரும்பி வந்து அடுத்த நட்டுக்குப் போய்விட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பின்னை எடுத்து வந்து என் கையில் கொடுத்து என்னையே போடச் சொன்னார். பின்னின் இரண்டு கால்களையும் மடக்கி, நானே மஞ்சள் கோட்டையும் மறுபடி போட்டேன்.

இன்னொன்று. ஹோஸை வண்டி நேராக நிற்கும்போது மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டும் முழுதாக ஏற்றியும் பாருங்கள். எங்களுக்கு முழுத் திருப்பத்தில், சக்கரம் ஏறிய நிலையில் மட்டும் டயர் ஹோஸைத் தொட்டது.

* * *

தொடங்கியவன் திரும்ப வந்திருக்கிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ரப்பர் புஷ்தான். தொங்கும் நிலையில்தான் இறுக்கியிருந்தேன். சொன்னபடியே கட்டை, மணல் மூட்டை, கிரீஸ் தகடு எல்லாம் வைத்துத் தளர்த்தினேன். மூன்றாவது போல்ட் தளரும்போது "டொக்" என்று ஒரு சத்தம், வண்டி கண்முன்னே ஒரு படி இறங்கியது. அமுக்கிவிட்டு அளந்தால் 18 மி.மீ. குறைந்திருக்கிறது. மீதி 7-ஐ ஸ்பிரிங் தட்டைக் கீழே திருகிச் சரிசெய்துவிட்டேன். ஸ்பிரிங் வாங்கும் செலவு மிச்சம். உயரம் மாறியதால் டோ அளவும் (முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் அளவு) மாறிவிட்டது. இருபுறமும் நூல் கட்டி அளந்தபோது முன்சக்கரங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகி 2 மி.மீ. உள்ளே கொண்டுவந்து லாக் நட்டை இறுக்கினேன்.

மரை பற்றி எழுதிய நண்பருக்காகவே நேற்று எல்லா நட்டையும் வெர்னியரால் அளந்தேன். எல்லாம் எம்10. புஷ் ராடில் ஆட்டம் அரை மி.மீ.கூட இல்லை, அதை ஒரு மி.மீ. ஆக்கியிருக்கிறேன். வெள்ளைப் பெயின்ட் பாட்டிலை மனைவியிடம் கொடுத்தாயிற்று. இடது பின்பக்கம் இன்னும் நான்கு நட்டில் கோடு விழவில்லை, அவர் நாளை காலை பார்க்கிறேன் என்றிருக்கிறார். அதுவரை வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும்.