ஜென் காரில் ஸ்பார்க் பிளக் மரை போய்விட்டது, ஹெட் மாற்றத்தான் வேண்டுமா?

வேளச்சேரி_ஜென்:
வணக்கம். அப்பா வாங்கிய பழைய மாருதி ஜென், கார்புரேட்டர் மாடல். சர்வீஸ் விட்ட இடத்தில் இன்ஜின் சூடாக இருக்கும்போதே பிளக்கைக் கழற்றியிருக்கிறார்கள். ஒரு சிலிண்டரில் பிளக்கோடு அலுமினிய மரையும் சுருளாக வந்துவிட்டது. இப்போது எந்த பிளக்கைப் போட்டாலும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே மாற்றணும் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் எம்-சீல் பசை வைத்து முறுக்கச் சொல்கிறார். வண்டியை விட மனமில்லை. என்ன செய்யலாம்?

மந்தைவெளி_பாலா:
புதுப்பேட்டையில் தேடிப் பாருங்கள் சார், பழைய ஹெட் கிடைக்கலாம். வாங்கும்போது அடித்தளத்தில் நேர்விளிம்பு வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஓவர்ஹீட் ஆன வண்டியில் கழற்றியது என்றால் வளைந்திருக்கும்.

அம்பத்தூர்_லேத்:
தம்பி, எம்-சீல் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முறை பெட்ரோல் எரியும்போதும் அங்கே ஏறுகிற சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் பசை நிற்காது, பிளக் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஹெட் மாற்றும் அளவுக்கும் இது போகவில்லை. எங்கள் பட்டறைக்கு வாடிக்கையாக வரும் வேலைதான்.

உங்கள் பிளக் 14 மி.மீ., பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.25 மி.மீ. வழி இரண்டு. ஒன்று ஹெலிகாயில், அதாவது ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள். ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் (மரை வெட்டும் கருவி) புது மரை வெட்டி, சுருளை உள்ளே திருகிவிடுவோம். அதன் உள்பக்கம் பழைய 14 அளவே இருக்கும். இன்னொன்று முழு ஸ்டீல் புஷ், அதாவது உள்ளேயும் வெளியேயும் மரை உள்ள குட்டைக் குழாய். பிளக் இருக்கிற இடத்துக்கு நான் புஷ்ஷைத்தான் சொல்வேன். பின்னால் பிளக்கைக் கழற்றும்போது ஹெலிகாயில் சில சமயம் கூடவே வந்துவிடும், மேலே காலர் (விளிம்பு) வைத்த புஷ் அப்படி வராது. டேப்பட் கவர், தெர்மோஸ்டாட் ஹவுசிங் போன்ற இடங்களில் 6, 8 மி.மீ. போல்ட் மரை போனால் ஹெலிகாயிலே தாராளம், வெறும் அலுமினிய மரையைவிட உறுதியாக நிற்கும்.

ஆனால் இரண்டில் எது என்பதைவிட, டேப் நேராக இறங்குகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். கொஞ்சம் சாய்ந்தாலும் பிளக் வாஷர் ஒரு பக்கம் மட்டும் உட்காரும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) கசியும், கொஞ்ச நாளில் அந்த இடமே அரித்துவிடும். அப்போதுதான் உண்மையிலேயே ஹெட் மாற்ற வேண்டி வரும். கை டிரில்லை வைத்து வண்டியிலேயே துளை போடுகிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள். ஹெட்டைக் கழற்றி மில்லிங் மெஷினில் பிடித்துச் செய்வது உத்தமம். ஹெட்டுக்கு அடியில் வரும் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) செலவு கூடும், ஆனாலும் அதையே செய்யுங்கள்.

வேளச்சேரி_ஜென்:
மிக்க நன்றி அண்ணே. இப்போதைக்கு ஹெட்டைக் கழற்ற வசதியில்லை. பாரிமுனையில் பிளக் மரைக்கான கிட் கிடைத்தால் வண்டியிலேயே செய்யலாமா?

அம்பத்தூர்_லேத்:
முனையில் பழைய மரையைப் பிடித்து இறங்குகிற வழிகாட்டி டேப் உள்ள கிட் என்றால் செய்யலாம். அதற்கு டிரில் தேவையில்லை. உங்கள் ஓட்டையில் ஒன்றிரண்டு மரையாவது மிச்சம் இருக்க வேண்டும், டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கட்டும். பிஸ்டனைக் கீழே இறக்கிவிடுங்கள், டேப் முனை அதில் இடிக்கக் கூடாது. டேப்பின் பள்ளங்களில் கெட்டி கிரீஸ் அப்பிக்கொள்ளுங்கள், துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. அடிக்கடி முழுசாக எடுத்துத் துடைத்து, புது கிரீஸ் வையுங்கள். முடிந்ததும் வேக்குவம் கிளீனரில் மெல்லிய டியூப் கட்டி சிலிண்டரை உறிஞ்சி எடுங்கள்.

அப்புறம் சுருள் வாங்கும்போது கவனம். சாதாரண ஹெலிகாயிலின் அடியில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், மாட்டியபின் அதை உடைத்து எடுப்பார்கள். பிளக் ஓட்டையில் அது உடைந்தால் நேராகப் பிஸ்டன் மேல்தான் விழும். நாக்கு இல்லாத ரகமாகக் கேளுங்கள். சுருள் பிளக் மரையைவிட நீளமாக இருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நுனி சூட்டில் சிவந்து, ஸ்பார்க் வரும் முன்னே பெட்ரோலைப் பற்றவைக்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மந்தைவெளி_பாலா:
பிளக் மாட்டும்போது மரை இறுகிப்போகாமல் இருக்க ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவலாமா அண்ணே?

அம்பத்தூர்_லேத்:
மரையில் உலோகப் பூச்சு உள்ள பிளக்குக்கு வேண்டாம் சார். பேஸ்ட் வழுக்கலில் அளவுக்கு மேல் முறுக்கிவிடுவோம். கையாலேயே கடைசி வரை திருகி, புது வாஷர் தொட்டபின் ஸ்பேனரில் அரைச் சுற்று. முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 நியூட்டன் மீட்டர் வையுங்கள்.